கடைசிப் பத்தியில் கால் இடறும் கதைகள்

வண்ணநிலவனின் ‘எஸ்தர்’ கதையைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து முடித்தால், கொஞ்ச நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும்: “அப்ப அந்தப் பாட்டி எப்பிடிச் செத்தா?” வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கு இந்த இயல் சொல்லும் முதல் யோசனை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டாம் என்பது.

பதில் கதையிலும் இல்லை. மழை பொய்த்துக் காய்ந்துபோன ஊரைவிட்டு ஒரு குடும்பம் பிழைப்புத் தேடிக் கிளம்பப் பார்க்கிறது. முதுமையில் முடங்கிப்போன பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை. கிளம்புவதற்கு முன்பே பாட்டி இறந்துபோகிறாள். அந்த வீட்டைத் தாங்கி நிற்கும் எஸ்தர் சித்திக்கு மட்டும், பாட்டியின் கண்கள் அதற்கப்புறமும் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியிருப்பது அவ்வளவுதான். இருட்டில் எந்தக் கையும் நீளவில்லை, எவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவர், பதிலைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். அந்தப் பதிலை வேறு யாராவது மறுத்துச் சொல்லமாட்டார்களா என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு.

அந்த நேரத்தில் கதையின் முதல் வாக்கியத்தை மறுபடி வாசிக்கச் சொல்லலாம். பாட்டியையும் வீட்டோடு கிடக்கும் ஈசாக்கையும் விட்டுவிட்டுப் போவதென்று முடிவான செய்தி அங்கேயே இருக்கிறது. முதல் தடவை அது பயண ஏற்பாடு மாதிரி காதில் விழுந்து போகும். இரண்டாம் தடவை அப்படிப் போகாது. ‘முடிவாகிவிட்டது’ என்றால் யார் முடிவு செய்தது, மறுத்தவர் யார், பாட்டியிடம் கேட்டார்களா என்று கேள்விகள் கிளைக்கும். அரை மணி நேரப் பேச்சுக்கு அதுவே போதும்.

திடுக்கிடவைக்கும் கதை என்றால், எழுதியவர் எதையோ முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்துக் காட்டுவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நெல்லைச் சீமையின் நல்ல கதைகளில் அந்த வேலை அபூர்வம். அவை எல்லாவற்றையும் வெளிச்சத்திலேயே போட்டு வைக்கின்றன. பார்க்காமல் கடந்து வந்தது வாசகர்தான். அதனால்தான் முடிவில் தடுக்கி விழும்போது எழுதியவர்மேல் கோபம் வருவதில்லை, தன்மேலேயே ஒரு சங்கடம் வருகிறது. இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கவைப்பது அந்தச் சங்கடம்தான் என்ற கணக்கில் இந்த இயல் எழுதப்பட்டிருக்கிறது.

எங்கே தொடங்குவது

புதிதாகச் சேர்ந்த வட்டத்துக்கு ‘எஸ்தர்’ கனம். பள்ளி மாணவர்களோ, தொடர்கதை மட்டும் படித்துப் பழகியவர்களோ இருந்தால் புதுமைப்பித்தனின் ‘சங்குத் தேவனின் தர்ம’த்திலிருந்து தொடங்கலாம். முறுக்கு விற்றுப் பிழைக்கும் கிழவி ஒருத்தி, மகள் கல்யாணக் கவலையோடு இருட்டு வழியில் நடக்கிறாள். சங்குத் தேவன் என்ற பேரைக் கேட்டாலே அவளுக்கு நடுக்கம். வழியில் துணைக்கு வருகிறான் ஒருவன். அவன் யார் என்பது கதையின் கடைசியில் தெரியும். பாதியிலேயே ஊகித்துவிடும் பிள்ளைகள் உண்டு. ஊகித்ததில் அவர்களுக்குச் சந்தோஷம் வரும், இது ஒரு விளையாட்டு என்று பிடிபடும். ஆனால் ஒரு குறை: ஆள் யாரென்று தெரிந்த பிறகு மறுபடி படிக்க அந்தக் கதையில் மிச்சம் குறைவு. புதுமைப்பித்தனே வெகு சீக்கிரம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். 1918இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பி.ஏ. முடித்தார். 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழ் அவருக்குக் களம் கொடுத்தது. சென்னையில் உட்கார்ந்து எழுதினாலும் பிள்ளைமார் பேச்சும் தாமிரபரணிக் கரையும் கதைகளுக்குள் வந்துகொண்டே இருந்தன. ‘துன்பக் கேணி’ ஆற்றங்கரை வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை போகிறது.

இரண்டாம் கூட்டத்துக்கு ‘மனித யந்திர’த்தை எடுக்கலாம். இந்த இயலில் பரிந்துரைக்கப்படும் கதைகளில் பயிற்சிக்கு இதைவிடத் தோதானது வேறில்லை.

ஒரு கடையில் கணக்கெழுதியே காலத்தைக் கழித்துவிட்ட குமாஸ்தா மீனாட்சிசுந்தரம் பிள்ளை. கணக்குப் புத்தகமும் கடனுமே வாழ்க்கை. ஒருநாள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி போய், கப்பலேறிக் கொழும்புக்கு ஓடிவிடத் துணிகிறார். அந்தக் காலத்து நெல்லைக்காரருக்கு இது விபரீதக் கற்பனையும் இல்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது, கொழும்புக்குப் போய்ப் பணத்தோடு திரும்பியவர்களைத் தெருவில் பார்க்க முடிந்தது. பிள்ளை ரயில் நிலையத்துக்குப் போகிறார். வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.

வாசிப்பை அங்கே நிறுத்த வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அடுத்து என்ன என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லலாம். மாட்டிக்கொள்வார் என்று பாதிப்பேர் சொல்லுவார்கள், தப்பித்துவிடுவார் என்று மீதிப்பேர். ஒன்றிரண்டு பேர் வண்டியில் முதலாளியையே ஏற்றிவிடுவார்கள். கதை இவை எதையும் செய்யவில்லை. பிள்ளை வண்டியைவிட்டு இறங்குகிறார். கடைக்குத் திரும்பிப் பணத்தை வைத்துவிட்டு, கையிலிருந்து செலவான சில்லறையை மட்டும் தம் பெயரில் பற்றெழுதுகிறார்.

போலீஸ் பிடிக்கவில்லை, முதலாளி பார்க்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது, மனிதரால் போக முடியவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் துரதிர்ஷ்டமாகப் போயிருக்கும். இங்கே வலிப்பது அந்தப் பற்றுவரி. அதுவரை புதுமைப்பித்தன் பிள்ளையைக் கிண்டல் செய்துகொண்டே வந்திருக்கிறார், நாமும் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறோம் என்பதையும் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். சிரிக்கிறவன் உஷாராக இருப்பதில்லை. அவருடைய நையாண்டியின் உபயோகம் பாதி அதில்தான் இருக்கிறது.

‘பொன்னகரம்’ இதைவிடச் சின்னது. புருஷன் அடிபட்டுக் கிடக்கிறான், பால் கஞ்சிக்குக் காசில்லை, மில்லில் வேலை பார்க்கும் அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்கி அந்தக் காசைக் கொண்டுவருகிறாள். கடைசி வரிகளில் கதை திடீரென்று வாசகர் பக்கம் திரும்பிக் கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை வம்புக்கு இழுக்கிறது. அந்தத் திருப்பம் தேவையா என்று வட்டத்தில் வாதம் வைக்கலாம். பால் கஞ்சியோடு நிறுத்தியிருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்பார் சிலர். 1934இல் அந்தத் தாக்குதல் இல்லாமல் கதையை வாசகர் வசதியாக முழுங்கியிருப்பார் என்பார் மற்றவர். இரண்டாவது கட்சிக்கு வலு அதிகம்.

வார இதழ் செய்த வினை

பிரெஞ்சுக்காரர் மாப்பசான் 1884இல் எழுதிய ‘நெக்லஸ்’, அமெரிக்கர் ஓ. ஹென்றி 1905இல் எழுதிய ‘ஞானிகளின் பரிசு’ இரண்டும் உலகம் முழுக்கச் சிறுகதைக்காரர்களுக்குப் பாடமாகிவிட்டன. மணிக்கொடிக்காரர்களும் அவற்றைப் படித்து வளர்ந்தவர்களே. பிறமொழிக் கதையைத் தழுவி எழுதுவதைப் புதுமைப்பித்தன் 1930களில் கடுமையாகச் சாடினார். ஆனால் அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட கதைகளில் சில மாப்பசானின் தழுவல்கள் என்று, அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய நெல்லைக்காரர் தொ.மு.சி. ரகுநாதனே எடுத்துக்காட்டினார். இதை வட்டத்தில் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், முடிவைக் கடன் வாங்குவது சுலபம், அந்த முடிவுக்கு வருகிற வழியைக் கடன் வாங்க முடியாது என்று தெரியும்.

பிற்காலத்து வார இதழ்களின் ‘ஒரு பக்கக் கதை’ வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டது. ‘லட்சுமி’ என்று உருகியதெல்லாம் கடைசியில் பசுமாடாக இருக்கும். கொலை நடந்த வீடு சினிமாப் படப்பிடிப்பாக இருக்கும். பெண் பார்க்க வந்தவர் வேறு வீட்டுக்கு வந்திருப்பார். இவை நேரம் போக்க நல்லவை, பேருந்து நிலையத்தில் பலருக்கும் உதவியவை. ஆனால் வாசகரிடம் ஒரு தகவலை ஒளித்து வைத்துத் திருப்பித் தருவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

தமிழின் முதல் சிறுகதைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) தகவலை ஒளிக்கிற கதைதான். ஆனால் ஒளிக்கப்படுவது வாசகரிடம் மட்டும் இல்லை, ருக்மிணியிடமும்தான். புருஷன் நாகராஜன் இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்ததுபோல் நடிக்கிறான், கடைசி நேரத்தில் உதறிவிட்டு வருவதாகத் திட்டம். அவளுக்கு அது தெரியாது. அவன் திரும்பி வரும்போது அவள் குளத்தில். ஒளித்ததனாலேயே ஓர் உயிர் போகிறது என்பதால் இங்கே மறைப்பு தந்திரமாக நிற்காமல் கதையின் குற்றமாகவே ஆகிவிடுகிறது. ஐயர் கடைசிக் காலத்தில் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தியவர். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவளோடு தாமிரபரணியிலேயே மாண்டார். கதையின் குளத்தையும் இந்த அருவியையும் முடிச்சுப் போட்டுப் பேசினால் மேடையில் கைதட்டல் கிடைக்கும். வாசிப்புக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முடிவு தெரிந்த பயம்

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் கதை செத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கோயில் கொடை நாளன்று வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு வரலாம். சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை எல்லாம் உட்கார்ந்திருக்கிற கிழவிகளுக்கு மனப்பாடம். முத்துப்பட்டன் சாகப்போகிறான் என்று தெரியாதவர் பந்தலில் ஒருவரும் இல்லை. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்குச் சன்னிதியே இருக்கிறது. இருந்தும் சாவு நெருங்குகிற இடத்தில் உடுக்கையின் வேகம் ஏற ஏற, கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சாமி வந்து ஆடுவதும் அந்தக் கட்டத்தில்தான். இறப்பைப் பாடும் பகுதிக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள உறவை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வில்லுப்பாட்டைப் பற்றிய தம் 1988ஆம் வருஷப் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை.

2011இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எதிர்பாராத முடிவுள்ள கதைகளில்கூட, முடிவு தெரிந்து படித்தவர்களே சராசரியில் கூடுதலாக ரசித்ததாகச் சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன என்பதால் இதையே வேதவாக்காக எடுக்க வேண்டாம். கொடைப் பந்தலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பயிற்சிக்கு இது இடம் தருகிறது. வட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முடிவைச் சொல்லிவிட்டு, மறுபாதிக்குச் சொல்லாமல், ஒரே கதையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பக்கக் கதையென்றால் முதல் பாதியினர் கொட்டாவி விடுவார்கள். ‘மனித யந்திரம்’ என்றால் அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள்.

புதுமைப்பித்தனுக்கு இது தெரிந்திருந்தது. ‘செல்லம்மாள்’ கதையை அவள் மூச்சு அடங்குவதிலேயே தொடங்கிவிடுகிறார். முடிவு முதல் வரியில் வந்துவிட்டது. அப்புறம் சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாகக் காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளையின் அலுப்பு, மருந்து, பாசம், எல்லாம் பின்னோக்கி விரிகின்றன. ஆச்சரியம் துளியும் இல்லை, அமைதி குலைவது மட்டும் நிச்சயம். அந்த மனிதரிடம் துக்கத்தோடு வேறொன்றும் கலந்திருக்கிறதோ என்று தோன்றும் இடத்தில் வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்கிறார்.

‘காஞ்சனை’ வேறு ரகம். 1943இல் ‘கலைமக’ளில் வந்தது. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள், எழுத்தாளரான கணவனுக்கு ராத்திரிகளில் விபரீத வாசனைகளும் பயமும். அவள் பேயா, இல்லை இவனுடைய தூக்கம் கெட்ட மூளையா? கதை கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. பிரெஞ்சு மொழியில் எழுதிய விமர்சகர் தொதோரோவ் 1970இல் இந்த ஊசலாட்டத்தையே மாயக் கதைக்கு இலக்கணமாக்கினார். இக்கதையைப் படிக்கும் வட்டத்தில் ‘பேய்தான்’ என்று சாதிக்க ஒருவரையும் ‘பிரமைதான்’ என்று சாதிக்க ஒருவரையும் நியமித்துவிட்டால் போதும். இருவருக்கும் கதையிலேயே சாட்சி கிடைக்கும், வழக்கு முடியாது.

எழுதிப் பார்க்கிறவர்களுக்கு

எழுத வருகிறவர்கள் முதலில் பேய், கொலை, பைத்தியம் என்று போகிறார்கள். அவர்களுக்கு இங்கே சிபாரிசு செய்யப்படுவது கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. ஆற்றுப்பாசனம் இல்லாத கரிசல் பூமியான இடைசெவலில் 1923இல் பிறந்தவர். 1986க்கு முன் அதுவும் திருநெல்வேலி மாவட்டமே. ‘அன்பளிப்பு’ என்ற பெயரிலான தொகுப்புக்குத்தான் 1970இல், அவர் மறைந்த வருஷத்தில், சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

கதையில் ரத்தமில்லை, இருட்டில்லை. பிள்ளைகளோடு விளையாடும், அவர்களுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு நல்ல மனிதர். வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார். ஓரமாகவே நிற்கும் சாரங்கராஜனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பையன் அவரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கிறான். கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

அவ்வளவு அன்பான மனிதரின் கணக்கில் விட்டுப்போன ஒரு பெயர். வாசகரும் அந்தப் பெயரை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். சாரங்கன் முதலிலிருந்தே அங்கே நிற்கிறான், அவன் முகம் வாடுவதும் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளின் கும்மாளத்தில் அதைக் கவனிக்க நேரமில்லாமல் போகிறது. பயிற்சியாக, சாரங்கன் வருகிற வரிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போகச் சொல்லலாம். எத்தனை இடத்தில் எச்சரிக்கை இருந்தது என்று கோடிட்டவருக்கே வியப்பாக இருக்கும்.

தாம் எழுதிய கதையைச் சோதிக்க விரும்புகிறவர் இதையே தலைகீழாகச் செய்யலாம். கடைசிப் பத்தியை மடித்து மறைத்துவிட்டு நண்பரிடம் கொடுத்து, முடிவைச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் சட்டென்று சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை, ‘சங்குத் தேவன்’கூட அப்படித்தான். அவர் சொன்ன முடிவு எழுதியதைவிட நன்றாக இருந்தால்தான் சிக்கல். அடுத்து, முடிவைப் படித்தபின் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஏதாவது ஒரு வாக்கியம் அர்த்தம் மாறி நிற்கிறதா? மாறவில்லையென்றால் முடிவு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்பட்டது. கடைசியில் வரும் பொருளையும் கவனிக்கலாம்: பற்றுவரி, பால் கஞ்சி, டைரி. எல்லாம் வீட்டில் கிடப்பவை. கத்தியை எடுத்து வருகிற கதைகளுக்கு இந்தப் பலம் அமைவது குறைவு.

நூல்களுக்கு அலைய வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. மதுரைத் திட்டத்தின் இணையச் சேகரத்தில் இலவசமாகக் கிடைக்கும். பாட வேறுபாடும் முதலில் வெளியான இதழும் தெரிய வேண்டுமென்றால் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பைப் பார்க்கலாம். வாசிப்பதற்கு மட்டும் ஆள் தேட வேண்டியிருக்கும். பிள்ளைமார் பேச்சைப் படிக்க நெல்லை நாக்கு வேண்டும். வட்டத்தில் வயதான ஒருவர் கிடைத்தால் அவர் கையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

உள்ளூர்க் கதைகள் முடிந்தபின் வெளியூர்க் கதை ஒன்று. அமெரிக்கரான ஷெர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’, 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது. அதற்கு நாலு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, காசநோயால் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காலமானார். ஒரு கிராமத்தில் வருஷா வருஷம் நடக்கும் குலுக்கலைப் பற்றிய கதை அது. ஆரம்பத்திலேயே சிறுவர்கள் கற்களைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். பிள்ளை விளையாட்டு என்று எல்லாரும் தாண்டிப் போகிற இடம் அது. அந்தக் கோடையில் ஜாக்சனுக்கு 300க்கு மேல் கடிதம் வந்தது, திட்டியும் குழம்பியும். சிலர் மட்டும், இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நேரில் வந்து பார்க்க முடியுமா என்று விசாரித்திருந்தார்கள். இந்தச் செய்தியைக் கதைக்கு முன்னால் சொல்லிவிடாமல், வாசித்து, பேசி, டீ குடித்து முடித்த பிறகு சொல்வது நல்லது.